மில்லில் அரைக்காத மாவு

“வாயில என்ன மாவா வச்சிருக்க?”

பத்தாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் யுவராணியை நிற்கவைத்துக் கேட்ட கேள்வி அது. அதற்கு முந்தின கேள்வி ஒளிச்சேர்க்கையைப் பற்றியது. அதற்கான பதில் அவளுக்கு வரி வரியாகத் தெரியும். எழுதச் சொல்லியிருந்தால் இரண்டு பக்கத்துக்கு எழுதி, இலையின் படத்தையும் போட்டு, பாகங்களைக் குறித்துக் கொடுத்திருப்பாள். நாற்பது பேருக்கு முன்னால் நின்று சொல்லத்தான் அவளுக்கு வராது. நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். காது சுடும். டீச்சர் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டு அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் வகுப்பு மொத்தமும் சிரித்தது. மறுநாளிலிருந்து அவளுக்கு ‘மாவு’ என்று பெயர்.

பரீட்சையில் நல்ல மார்க்தான் வாங்கினாள். பதினொன்றாம் வகுப்புக்குக் கம்பம் போக வேண்டும். ஒன்பது நாள் டவுன் பஸ்ஸில் போய் வந்தாள். அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பத்தாவது நாள் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நேராகத் திராட்சைத் தோட்டத்துக்கு நடந்துவிட்டாள். அப்பா கர்ணன் காரணம் கேட்டார். அம்மா மாயக்காள் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு கேட்டாள்.

அதன்பிறகு நாலு வருஷம் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைக் கொடி கட்டினாள், பழம் அறுத்தாள், பெட்டியில் அடுக்கினாள். மிச்சமிருந்த பள்ளிக்கூட நோட்டுகளில் யாருக்கும் தெரியாமல் எதையாவது எழுதினாள். கையில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். உர மூட்டையில் இருப்பதைக்கூட விடமாட்டாள்.

ரொட்டி ஆரம்பித்ததும் அப்படிப் படித்ததில்தான். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அம்மா ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். முன்பக்கம் கோதுமை பிரெட் என்று கொட்டை எழுத்தில் போட்டு ஒரு கதிரையும் வரைந்திருந்தார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் முதல் சாமான் மைதா. கோதுமை நாலாவதாக வந்தது. கடைசியில் நிறத்துக்கு ஒன்று. யுவராணி அதை மூன்று தடவை படித்தாள். யாரோ தன்னை நேருக்கு நேர் ஏமாற்றியதுபோல அவளுக்குக் கோபம் வந்தது. கதிரை வரைந்துவிட்டுக் கோதுமையை நாலாவதாகப் போடுகிறவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. சரி, கோதுமையை மட்டும் போட்டு நாமே சுட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள்.

போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்த தண்ணீர் டிரம்மைப் படுக்கவைத்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி, மண்ணைக் குழைத்துப் பூசினாள். எரிக்க விறகுக்குப் பஞ்சமில்லை. கவாத்து முடிந்தால் வெட்டிப்போட்ட திராட்சைக் குச்சி வரப்போரம் மலைபோலக் கிடக்கும். டிரம்முக்குள் குச்சியை எரித்து, தணலை வழித்துப்போட்டு, ரொட்டித் தகரங்களை உள்ளே தள்ளி, வாயைத் தகடால் மூடி ஈரச்சாக்கைப் போட வேண்டும். தகரங்களை எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிக் கொடுத்தது கம்பத்து வெல்டிங் கடை.

அடுப்பு சரியாக வந்தது. ரொட்டிதான் வரவில்லை. முதல் ரொட்டி செங்கல்லாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கோழி இரண்டு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

“கொண்டா, கொல்லப் பக்கம் படி ஒண்ணு ஒடஞ்சு கெடக்கு. அங்கன வச்சுப் பூசிருவோம்” என்றாள் மாயக்காள்.

நோட்டில் யுவராணி ஒவ்வொன்றையும் எழுதினாள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஈஸ்ட், எத்தனை மணிக்குப் பிசைந்தது, எத்தனை மணிக்கு ஏமாந்தது. தப்பு எங்கே என்று பிடிபடவில்லை. ஒருநாள் அம்மா இடியாப்ப மாவை மில்லிலிருந்து கொண்டுவந்து, பேப்பரை விரித்துக் காற்றாடிக்குக் கீழே கொட்டினாள். மில் மாவு சூடாக வரும். ஆறவைக்காமல் டப்பாவில் அடைத்தால் கட்டி தட்டும். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யுவராணி நின்று பார்த்தாள். அவள்தான் புது மாவு, புது மாவு என்று அவசரப்பட்டு, கை வைக்க முடியாத சூட்டோடு ஈஸ்ட்டைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். ஈஸ்ட்டை உயிரோடு வேகவைத்த புண்ணியம் அவளுக்கு. மறுநாள் அப்பாவின் வேட்டியை விரித்து மாவை முழுக்க ஆறவிட்டுப் பிசைந்தாள். இரண்டு மணி நேரத்தில் மாவு மூடியிருந்த தட்டைத் தலையால் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது.

அந்த ரொட்டியை முதலில் தின்ற வெளியாள் எதிர்வீட்டுப் பொன்னாத்தாள். ஏலக்காட்டு வேலைக்குத் தினமும் விடியற்காலையில் ஜீப் ஏறிக் கேரளத்துக்குப் போகிறவள். வாய்க்கு மூடி கிடையாது.

“ஏத்தா மாவு, இது நீ சுட்டதா? மலை மேல மத்தியானம் சோத்துச் சட்டியத் தொறந்தா பச்சத் தண்ணி கெணக்கா இருக்கு. இது மெத்துமெத்துன்னு இருக்கே. நாளைக்கு எனக்கு ஒண்ணு போடு.”

அப்படி ஒன்று மூன்றாகி, மூன்று பன்னிரண்டானது. அதற்கு மேல் டிரம் தாங்காது. சாயங்காலம் பிசைந்து வைத்து, கோழி கூவச் சுட்டு எடுத்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போவாள். அங்கே மாவு மில்லின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு பலகைக்கல் உண்டு. அதில் கூடையை வைத்து உட்காருவாள். பேசவே வேண்டாம். பெண்கள் வருவார்கள், ரொட்டியை எடுப்பார்கள், ஜீப்பில் ஏறுவார்கள். ஜீப்புகள் கிளம்பிப் போனதும் காலிக் கூடையோடு வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குத் தானாகவே தலை நிமிர்ந்திருக்கும்.

அந்த மில் அவளுடைய மாமா தங்கப்பாண்டியுடையது. மாயக்காளின் உடன்பிறந்த அண்ணன். மில்லை ஒட்டி ஒரு கடையும் வைத்திருந்தார். சின்ன வயதில் யுவராணியைத் தூக்கித் தராசில் உட்காரவைத்து, “ரெண்டு படி கோதுமைதான் தேறும்” என்று சொல்லி ஓர் அச்சு வெல்லம் கையில் கொடுப்பார். அவருக்கு அவளைப் பிடிக்கும். அவள் பேசாமல் இருப்பதும் பிடிக்கும்.

“வா மருமகளே. வாயத் தொறக்காத. தொறந்தா மாவு கொட்டிரும்.”

கோதுமை வாளியோடு போகும்போதெல்லாம் அவர் சொல்வது இது. மில்லில் இருக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

மில்லில் இரண்டு மிஷின் உண்டு. பெரியதில் அரிசி, கேப்பை, கோதுமை. சின்னதில் மிளகாய் வத்தல், மல்லி, மஞ்சள். வத்தல் ஓடிய மிஷினில் மற்றது விழக்கூடாது என்பதை அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிறக்கும்போதே தெரிந்துகொண்டு பிறப்பார்கள். வாளியை வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். மாமா சாக்குக்கட்டியால் வாளியின் மேல் வரிசை நம்பரை எழுதி, நம்பர்படி அரைத்து வைப்பார். அதில் அவர் கெட்டி. ஊராட்சித் தலைவர் வீட்டு வாளியானாலும் வரிசையில்தான்.

ரொட்டி ஓட ஆரம்பித்து இரண்டு மாதத்தில் மாமாவின் கடையில் பாக்கெட் பிரெட் தேங்க ஆரம்பித்தது. எஸ்டேட் பெண்கள்தான் அதை வாங்கிக்கொண்டிருந்தவர்கள். மருமகளே என்று கூப்பிடுவதை மாமா நிறுத்திக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை அவள் வாளிக்கு நம்பர் பதினைந்து. பதினாலு பொன்னாத்தாளின் புட்டரிசி. யுவராணி சாயங்காலம் போய் எடுத்துவந்து, வேட்டியில் விரித்து ஆறவிட்டாள். மாவில் லேசாக வத்தல் வாசம் வந்தது. மில்லுக்குள் போய் வந்தால் தலைமுடியில்கூட அந்த வாசம்தான் வரும், அதனால் பெரிதாக நினைக்கவில்லை. பிசையும்போது விரல் இடுக்கு எரிந்தது. சற்று முன்னால் அம்மாவுக்குப் பச்சைமிளகாய் அரிந்து கொடுத்திருந்தாள். அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். விடியலில் சுட்டதை அவள் தின்று பார்ப்பதில்லை. சூட்டோடு வெட்டினால் ரொட்டி உள்ளே களியாகிவிடும். பன்னிரண்டும் அப்படியே மலையேறின.

சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் நேராக அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முன்னால் பொன்னாத்தாள், கையில் பாதி ரொட்டி.

“ஏத்தா, நாங்க ஒனக்கு என்ன பாவம் பண்ணுனோம்? காட்டுக்குள்ள தண்ணி கெடைக்காத எடத்துல வச்சு வாய வேக வச்சுட்டியே.”

“எனக்கு வாய்ப்புண்ணு வேற” என்றாள் பின்னால் நின்ற மாரீஸ்வரி. “மேஸ்திரி கேக்குறாரு, ஏன்டி அழுகுறன்னு. ரொட்டி தின்னேன்னு சொல்லவா முடியும்?”

“சொல்லு. வத்தலக் கொட்டுனியா? கையி தவறிட்டா?”

யுவராணி ரொட்டியை வாங்கிப் பிய்த்து வாயில் போட்டாள். நெருப்பு. பிய்த்த இடத்தில் கவனித்துப் பார்த்தால் பொடிப்பொடியாகச் சிவப்பு தெரிந்தது. அவளுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. சொல்லத்தான் வரவில்லை. பெண்கள் முனகிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் காலையில் ஒரு கிண்ணத்தில் அந்த மாவைக் கொண்டுபோய் மாமாவின் மேஜையில் வைத்தாள். அவர் விரலால் தொட்டார், மோந்தார், நாக்கில் வைக்கவில்லை.

“பெரிய மிஷினு பெல்ட்டு அந்துபோச்சு. ஒனக்கு அவசரமா இருக்குமேன்னு சின்னதுல போட்டேன். ரெண்டு கை அரிசியப் போட்டு ஓட்டிட்டுத்தான் போட்டேன். லேசா உறைக்கத்தான் செய்யும். காராச்சேவுன்னு நெனச்சுத் தின்னுட்டுப் போறாளுக.” பிறகு குரலைத் தணித்தார். “எதுக்குத்தா ஒனக்கு இந்தக் கைவலி? கடையில பாக்கெட்டு கெடக்கு. அதே கல்லுல உக்காந்து அத வித்துக்க. மாமா வேணாம்பனா?”

யுவராணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பொன்னாத்தாளின் வீட்டில் நேற்று புட்டு அவித்திருந்தார்கள். வெள்ளை வெளேர் என்று இருந்தது. அதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

மிச்ச மாவை அவள் கொட்டவில்லை. வாளியோடு அப்படியே மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அன்றைக்கே மிக்ஸியில் கோதுமையைப் போட்டாள். மூன்றாவது ஈட்டில் மிக்ஸியிலிருந்து புகை வாடை வந்தது. “அதையும் எரிச்சுட்டு என்னைய எரி” என்று மாயக்காள் பிடுங்கி வைத்துவிட்டாள். மாட்டுக் கொட்டத்தில் ஒரு திருகை கிடந்தது. அடிக்கல் ஓரமாக, மேல்கல் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டாக. யுவராணி இரண்டையும் உருட்டி வந்து கழுவினாள். வழவழ என்று தேய்ந்திருந்த கல்லில் கோதுமை உடையாமல் வழுக்கி ஓடியது. கர்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போய் உளியும் சுத்தியலும் கொண்டுவந்து, ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து இரண்டு கல்லையும் கொத்திக் கொடுத்தார்.

திருகையில் நாலு கிலோ கோதுமை அரைப்பது விளையாட்டில்லை. முதல் வாரம் தோள்பட்டை கழன்றுவிட்டதுபோல இருந்தது. கை மாற்றிக் கை சுற்றினாள். மாவு கொரகொரப்பாக வந்தது. சலித்து, கப்பியை மறுபடி போட்டு, இரண்டாம் தடவை சுற்றினாள். ஆனால் ஒன்று. கையால் சுற்றிய மாவு சூடாகவே இல்லை. வேட்டி விரிக்கத் தேவையில்லாமல் கல்லிலிருந்து நேராகப் பிசையலாம். தண்ணீர் அதிகம் குடித்தது. பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டால் பசையாக இழுத்தது. சுட்டு எடுத்தபோது ரொட்டியில் வேறொரு வாசம் வந்தது, புதுக் கதிரைக் கையில் கசக்கினால் வருமே, அந்த வாசம். அதுவரை சுட்டதிலெல்லாம் மில்லின் வாசம்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ரொட்டி தயார். வாங்கத்தான் யாரும் வரமாட்டார்கள். உறைக்காது என்று கூவிச் சொல்ல அவளால் முடியாது. எனவே மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, திருத்தமான கையெழுத்தில் எழுதிக் கூடையின் முன்னால் தொங்கவிட்டாள்.

‘வீட்டில் அரைத்த கோதுமை மாவு. மில்லில் அரைத்தது இல்லை.’

பொன்னாத்தாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது தடவை படித்தாள். தலையைத் தூக்கி மில்லைப் பார்த்தாள். பிறகு ஒரு ரொட்டியை எடுத்து அங்கேயே ஓரத்தைக் கடித்தாள். “இது வேற ருசியால்ல இருக்கு” என்று சொல்லி, மாரீஸ்வரியின் கையிலும் ஒன்றைத் திணித்தாள்.

நாலு நாளில் பன்னிரண்டும் போக ஆரம்பித்தது. கூடவே அட்டையில் இருந்ததும் வாய்க்கு வாய் போக ஆரம்பித்தது. ‘மில்லுல அரைச்சது இல்லையாமே, ஏனாம்’ என்று பெண்கள் கேட்டார்கள். வாளியை வைத்துவிட்டுப் போகிறவர்கள் போகாமல் மிஷின் பக்கத்திலேயே நின்றார்கள். ஒருத்தி, “அண்ணே, இதுல வத்தல் ஓடுச்சா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். இருபது வருஷத்தில் தங்கப்பாண்டியிடம் யாரும் கேட்காத கேள்வி.

அந்த வெள்ளிக்கிழமை மாயக்காள் கேப்பை வாளியோடு மில்லுக்குப் போனாள். அரைக்காமல் திரும்பி வந்தாள். வாளியை நடுவீட்டில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“எல்லாரு முன்னாடியும் வாளியத் தூக்கி வெளிய வச்சாரு. ஒம் மக வீட்டுல மில்லு வச்சிருக்காள்ல, அங்கன போயி அரைச்சுக்கன்னு சொல்றாரு. எங்கூடப் பெறந்தவரு.”

கர்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். “என்ன செய்யணுமாம்?”

“ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு இவ அங்கன வரணுமாம். அந்த அட்டையத் தன் கையால கிழிச்சுப் போட்டு, தப்பா எழுதிட்டேன் மாமான்னு நாலு பேரு கேக்கச் சொல்லணுமாம். சொல்லிட்டா எப்பவும்போல அரைச்சுத் தாராராம். கல்லுலயும் உக்காந்துக்கலாமாம். இல்லாட்டி அந்தக் கல்லு அவரு எடம், நாளப்பின்ன அதுல குண்டி படக்கூடாதாம். எனக்கும் பெறந்த வீடு இல்லையாம்.” மாயக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எங்கப்பன் செத்தப்ப அந்த மனுசந்தான்டி என்னயத் தாங்குனாரு. ஒனக்கு என்ன தெரியும்?”

யுவராணி திருகையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு வார்த்ததானத்தா” என்றார் கர்ணன். கல்லைக் கொத்திக் கொடுத்த அதே மனுஷன்தான் சொன்னார். “நீதான் பேசவே மாட்ட. ஊருல எல்லாருகிட்டயும் பேசாம சேத்து வச்சிருக்கல்ல, அதுல ஒண்ண எடுத்து அவருகிட்டச் சொல்லிரு. முடிஞ்சுபோச்சு.”

அவருடைய குரலில் கேலி இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை முழுக்க அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். தப்பா எழுதிட்டேன் மாமா. மூன்றே வார்த்தை. நோட்டை எடுத்து எழுதியும் பார்த்தாள். எழுதியதைப் படித்தபோது, பாக்கெட்டின் முன்பக்கம் வரைந்திருந்த அந்தக் கதிர் நினைவுக்கு வந்தது. அட்டையில் எழுதியதை மறுபடி யோசித்தாள். வீட்டில் அரைத்தது என்பது உண்மை. மில்லில் அரைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டில் எதைத் தப்பு என்று சொல்வது?

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு வாளியை இழுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரே ஒரு ரொட்டி மட்டும் சுட்டாள். ஆறிய ரொட்டியை வெள்ளைத் துணியில் அவள் சுற்றுவதைப் பார்த்து மாயக்காளுக்கு முகம் தெளிந்தது.

“மாமனுக்கா? நல்லது. சந்தோசப்படுவாரு.”

வாளியையும் எதற்கு எடுக்கிறாள் என்று மாயக்காள் கேட்கவில்லை. கோதுமை அரைக்க என்று நினைத்திருப்பாள். தன் கேப்பை வாளியையும் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கிளம்பினார்கள். கர்ணன் பின்னாலேயே வந்து மில் வாசலோடு நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு ஜீப் கிடையாது. வாரத்துக்கு வேண்டிய மாவை எல்லாப் பெண்களும் அன்றைக்குத்தான் அரைப்பார்கள். மில்லுக்குள் இருபது வாளிக்குக் குறையாது. பொன்னாத்தாள் மூட்டைமேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். யுவராணியைப் பார்த்ததும் தங்கப்பாண்டி மிஷினை நிறுத்தினார். பெல்ட் மெல்ல மெல்ல ஓடி நின்றது. அந்த இடத்தில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை.

“வா மருமகளே” என்றார். பழைய அழைப்பு திரும்பி வந்திருந்தது. “அட்டையக் கொண்டாந்தியா?”

அவள் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். மாயக்காள் நிம்மதியாக மூச்சு விட்டாள். யுவராணி அட்டையைக் கிழிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துணியை அவிழ்த்து ரொட்டியைத் தராசின் தட்டில் வைத்தாள். சின்ன வயதில் அவளை உட்காரவைத்த அதே இடம்.

“என்னது, மாமனுக்குச் சீரா?” மாமா சிரித்தார். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள்.

அவள் ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவருடைய மூக்கு லேசாக விடைத்தது. சிரிப்பு நின்றது. கை நீளவில்லை.

“எனக்கு சுகரு இருக்குல்ல.”

“கோதும ரொட்டி சுகருக்கு நல்லதுன்னு நீங்கதானண்ணே சொல்லுவீக” என்றாள் பொன்னாத்தாள். “பாக்கெட்டு விக்கையில.”

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்தினார்கள். பொன்னாத்தாள் எழுந்து வந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, இன்னொரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். இரண்டு மெல்லு மெல்லியவள் நிறுத்தினாள்.

“அதே ரொட்டி. அன்னைக்கு மலையில தின்ன அதே ரொட்டி. இது எந்த மாவுத்தா?”

யுவராணி வாளியைத் தூக்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடியில் ஒரு படி மாவு ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே சாக்குக்கட்டியில் மாமாவின் கையெழுத்து, கழுவாமல், துடைக்காமல், பதினைந்து என்று.

பொன்னாத்தாள் குனிந்து அதைப் பார்த்தாள். “எனக்குப் பதினாலு. அன்னைக்கு எம் புட்டு மாவு வெள்ளையாத்தான இருந்துச்சு?”

“அதுக்கப்புறந்தான் பெல்ட்டு அந்துச்சு” என்றார் தங்கப்பாண்டி.

“பதினாறு என்னோடது” என்றாள் மாரீஸ்வரி வரிசையிலிருந்து. “கேப்ப. நின்னு வாங்கிட்டுப் போனேன். பெரிய மிஷினுலதான் ஓடுச்சு. வாய்ப்புண்ணோட கூழு குடிச்சேன், ஒண்ணும் எரியல.”

“பதினாலுக்கும் பதினாறுக்கும் இருந்த பெல்ட்டு, பதினஞ்சுக்கு மட்டும் எங்கண்ணே போச்சு?” என்றாள் பொன்னாத்தாள். “டீ குடிக்கப் போச்சா?”

இந்தத் தடவை யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. மாயக்காள் மட்டும் சிரிக்கவில்லை. கேப்பை வாளியின் கைப்பிடியைப் பிடித்தபடி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கப்பாண்டியின் கழுத்து சிவந்தது. “அதெல்லாம் கெடக்கட்டும். மிஷினுன்னா ஆயிரம் வரும். நான் கேக்குறது ஒண்ணுதான். தாய்மாமன் மில்ல ஊரு சிரிக்க அட்டையில எழுதித் தொங்கவிட்டது தப்பா, இல்லையா? அத மட்டும் சொல்லு. சொல்லிட்டு அரைச்சுட்டுப் போ. எங்கன வேணும்னாலும் உக்காந்து வித்துக்க. ஒரே வார்த்த.”

வாசலில் கர்ணன் தொண்டையைச் செருமினார். எல்லோரும் யுவராணியின் வாயைப் பார்த்தார்கள். காது சுட ஆரம்பித்தது. நாக்கு போய் மேலே ஒட்டிக்கொண்டது. பத்தாம் வகுப்பு பெஞ்சுக்கும் இந்தத் தராசுக்கும் நடுவில் நாலு வருஷம் போனதாகவே தெரியவில்லை.

“சொல்லு” என்றார் மாமா. “வாயில என்ன மாவா வச்சிருக்க?”

அவர் வாங்காத துண்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. யுவராணி அதைத் தன் வாயில் போட்டாள். அவசரப்படாமல் மென்றாள். காரம் நாக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, கண்ணில் வந்து நின்றது. தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. மாமாவின் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. கடைசியில் அவர்தான் பார்வையை மிஷின் பக்கம் திருப்பினார்.

அவள் மென்று முடித்து விழுங்கினாள். நாளைக்குக் கூடையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியாது. அம்மா இங்கேயே நிற்பாளா, கூட வருவாளா என்றும் தெரியாது. மிச்ச ரொட்டியைத் தராசிலேயே விட்டுவிட்டு, அட்டையைக் கசங்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பதினைந்தாம் நம்பர் வாளியைத் தூக்கிக்கொண்டு, அப்பாவைத் தாண்டி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் மில்லை விட்டு வெளியே நடந்தாள்.